நெய்யூர் எழுப்பிய கேள்வி: தென்கோடியில் குடற்புண் ஏன் மிகுந்தது?

முன்சிறுகுடலில் புண் ஏன் வருகிறது? கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மருத்துவம் இதற்கு நான்கைந்து விடைகள் சொல்லிவிட்டது. அமிலம், உணவு, மனக்கவலை, கிருமி என்று காரணம் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு விடையும் தன் காலத்தில் முடிந்த முடிபாகவே கருதப்பட்டது. எண்டோஸ்கோபி வருவதற்கு முன் உயிருள்ள மனிதரின் குடற்புண்ணைக் கண்ணால் பார்க்க முடிந்தவர்கள் வயிற்றைத் திறந்த அறுவை மருத்துவர்கள் மட்டுமே. ஆகவே இந்த நோயின் ஆராய்ச்சி நெடுங்காலம் அவர்கள் கையில் இருந்ததில் வியப்பில்லை.

‘ஏன் வருகிறது’ என்பதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி உண்டு. ஏன் ஓரிடத்தில் மிகுதியாகவும் வேறோரிடத்தில் அரிதாகவும் வருகிறது? அதுவும் ஏன் பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு வருகிறது? இந்தக் கேள்வியைத் தெளிவாக எழுப்பிய ஊர்களில் ஒன்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர். முதற் கேள்விக்குக் கிடைத்த விடைகள் இரண்டாவதற்கு எவ்வளவு தூரம் உதவுகின்றன என்பதே இக்கட்டுரையின் ஆய்வு.

ஓர் அறுவை மருத்துவரின் பதிவேடு

தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் (1890–1975) பெயரைப் பலர் மலையேற்ற வரலாற்றில் படித்திருப்பார்கள். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்கள் இரண்டிலும் இருந்தவர். இரண்டாம் முறை செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறியவர். முதற் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில், அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூரின் லண்டன் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே குவிந்திருந்த நோயாளிகளையும், அவர்களைக் கவனிக்கப் போதிய மருத்துவர்கள் இல்லாததையும் கண்டார். லண்டனில் காத்திருந்த பணிவாய்ப்பை விட்டுவிட்டு நெய்யூருக்கே திரும்பினார். அதன்பின் இரண்டு பதிற்றாண்டுகளுக்கு மேல் அங்கும், பிறகு 1961 வரை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் பணிபுரிந்தார்.

அவர் அறுவை மேசைக்கு இரைப்பை, முன்சிறுகுடல் நோயாளிகள் ஓயாமல் வந்தார்கள். 1936-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் அவரும் உடன் பணியாற்றிய ஐ. எம். ஓரும் எழுதிய கட்டுரை 2,500 குடற்புண் நோயாளிகளை அடிப்படையாகக் கொண்டது. ஒரு கிராமப்புற மருத்துவமனையிலிருந்து வந்த இந்த எண்ணிக்கை மேலைநாட்டுப் பெருநகர மருத்துவமனைகளையும் திரும்பிப் பார்க்க வைத்தது. 1948-இல் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை மருத்துவம் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது.

தென்னிந்தியப் பதிவுகள் காட்டிய நோய் பிரிட்டிஷ் பாடநூல் விவரித்த நோயோடு எல்லா வகையிலும் பொருந்தவில்லை. இரைப்பைப் புண் இங்கே குறைவு. முன்சிறுகுடற் புண்ணே மிகுதி. நோயாளிகளில் பெரும்பாலோர் ஆண்கள். இரத்தக்கசிவும் குடல் துளைபடுவதும் ஒப்பளவில் குறைவாக இருக்க, ஆண்டுக்கணக்கில் ஆறாத புண் தழும்பாகி இரைப்பையின் கீழ்வாயை அடைப்பதே முதன்மைச் சிக்கலாக இருந்தது. உண்டது செரிக்காமல் மாலையில் வாந்தியெடுத்து, உடல் வற்றி, கடைசி நிலையில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் ஏராளம்.

சிகிச்சையிலும் வேறுபாடு இருந்தது. இரைப்பையை இடைச்சிறுகுடலோடு இணைத்து உணவுக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவையை 1881-இல் வியன்னாவில் வோல்ஃப்லர் முதலில் செய்தார். இணைத்த இடத்தில் புதிய புண் தோன்றியதால் மேலைநாடுகள் அதைப் படிப்படியாகக் கைவிட்டு, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் முறைக்கு மாறின. தென்னிந்திய நோயாளிகளிடம் அந்த இரண்டாம் புண் குறைவாகவே காணப்பட்டதால் சாமர்வெல் எளிய இணைப்பையே விரும்பினார். எஞ்சிய ஆபத்தையும் குறைக்க, இரைப்பைக்குச் செல்லும் சில தமனிகளைக் கட்டி அமிலச் சுரப்பைத் தணிக்கும் முறையை 1945-இல் முன்வைத்தார். அரை வயிற்றுக் கஞ்சியோடு வயலுக்கும் பனைக்கும் போகும் மனிதருக்கு இரைப்பையையும் வெட்டியெடுத்துவிட்டு அனுப்புவது எவ்வளவு கொடிது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தத் தேர்வின் பொருள் விளங்கும்.

இந்தப் பதிவேட்டின் குறையையும் சொல்ல வேண்டும். மருத்துவமனைக் கணக்கு மக்கள்தொகைக் கணக்கு ஆகாது. ஒரு மருத்துவர் குடற்புண் அறுவையில் பெயர் பெற்றுவிட்டால் தொலைவிலிருந்தும் அந்த நோயாளிகளே தேடி வருவார்கள். ஊரில் அந்நோய் மலிந்திருப்பது போன்ற தோற்றம் உண்டாகும். பெண்கள் மருத்துவமனைக்கு வருவதே குறைவாக இருந்த காலத்தில் ஆண்-பெண் விகிதமும் ஓரளவு மிகைப்பட்டிருக்கலாம். அறுவைக்குப்பின் திரும்பி வராதவர் நலமாயிருந்தாரா, மீண்டும் புண் வந்து வேறெங்கோ போனாரா, இறந்துவிட்டாரா என்பதும் தெரியாது. ஆனால் பின்னாளில் பல மருத்துவமனைகளின் கணக்குகளை ஒப்பிட்டவர்களும் வடக்கு-தெற்கு வேறுபாட்டைக் கண்டிருக்கிறார்கள். ஒருவரின் புகழ் மட்டும் உண்டாக்கிய தோற்றம் என்று அதைத் தள்ளிவிட முடியாது.

அமிலம் என்ற விடை

அமிலக் கொள்கையின் அடித்தளத்திலும் அறுவை மருத்துவர் ஒருவர் இருக்கிறார். 1822-இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் துப்பாக்கிச் சூட்டில் வயிறு துளைபட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினை ராணுவ அறுவை மருத்துவர் வில்லியம் போமாண்ட் காப்பாற்றினார். ஆனால் துளை முழுதும் மூடவில்லை. அதன் வழியே இரைப்பைநீர் உணவைக் கரைப்பதை அவர் ஆண்டுக்கணக்கில் கண்டு, 1833-இல் நூலாக வெளியிட்டார். இரைப்பைநீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை வில்லியம் புரௌட் 1824-இல் நிறுவியிருந்தார். 1910-இல் சாக்ரெப் நகரின் அறுவை மருத்துவர் ஷ்வார்ட்ஸ், அமிலம் இல்லையேல் புண் இல்லை என்ற விதியை வகுத்தார்.

அதன்பின் அரை நூற்றாண்டுக்கு அறுவை மருத்துவத்தின் வேலை அமிலத்தைக் குறைப்பதாகவே இருந்தது. 1943-இல் சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். நரம்பை வெட்டி இணைப்பும் செய்யும் அறுவை தென்னிந்திய மருத்துவமனைகளிலும் வழக்கமாயிற்று. ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வில் பிறந்த சிமெட்டிடின் 1976-இல் சந்தைக்கு வந்தது. 1980-களின் இறுதியில் ஒமெப்ரசோல் வந்தது. கத்தி செய்த வேலையை மாத்திரை செய்யத் தொடங்கியது.

அமிலத்தைக் குறைத்தால் புண் ஆறும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குப் புண் திரும்பி வந்தது. முன்சிறுகுடற் புண் உள்ளவர்களில் கணிசமானோரின் அமில அளவு இயல்பான வரம்புக்குள்ளேயே இருந்தது. ஆக, அமிலம் புண்ணுக்குத் தேவையான நிலை. அது மட்டும் போதுமான காரணமாகத் தெரியவில்லை. தெற்கே ஏன் மிகுதி என்பதற்கோ இந்த விடையில் இடமே இல்லை.

குன்னூர் எலிகளும் மரச்சீனியும்

இடத்துக்கு இடம் மாறும் நோய் என்றால் இடத்துக்கு இடம் மாறும் பொருளைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும். நெய்யூர்ப் பகுதி ஏழைகளின் உணவில் மரச்சீனிக் கிழங்கும் அரிசியும் பெரும்பங்கு; பாலும் பருப்பும் காய்கறியும் சொற்பம்.

இதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகளுக்கு இரைப்பை, முன்சிறுகுடற் புண் வரவில்லை. சென்னை மாகாண ஏழைகளின் அரிசியுணவு கொடுக்கப்பட்டவற்றில் ஒரு பகுதிக்கு வந்தது. திருவிதாங்கூர் ஏழைகளின் மரச்சீனி உணவை உண்டவற்றில் கால்பங்குக்கும் மேலானவற்றுக்கு வந்தது. ஊட்டக்குறையால் செரிமானப் பாதையின் உட்சுவர் வலுவிழக்கிறது என்பது அவர் விளக்கம்.

நெய்யூரில் மனிதரிடம் கண்டதும் குன்னூரில் எலியிடம் கண்டதும் ஒன்றையொன்று தாங்கி நின்றதால் உணவுக் கொள்கை வலுப்பெற்றது. வறுமையை நோயின் காரணமாக நேர்ப்படச் சொன்ன துணிவு அதில் இருந்தது. குற்றத்தை நோயாளியின் பழக்கத்தின் மீது போடாமல் அவர் தட்டில் இல்லாதவற்றைப் பார்க்கச் சொன்னது அது. அறிவியல் பின்னர் திருத்திய பகுதிகளைக் கழித்தாலும் அந்தப் பார்வைக்கு மதிப்பு இருக்கிறது.

ஆனாலும் தடைகள் உண்டு. எலியின் இரைப்பை மனிதனுடையதைப் போன்றதல்ல. அதன் முன்பகுதியில் சுரப்பிகளே கிடையாது. எலியின் புண்ணை மனிதனின் நாட்பட்ட முன்சிறுகுடற் புண்ணோடு சமமாக்குவது கடினம். மேலும், மரச்சீனி முக்கிய உணவாக இல்லாத வங்காளம், அசாம் பகுதிகளிலும் இந்நோய் மிகுந்திருந்தது. ஊட்டக்குறைதான் காரணம் என்றால், தட்டில் கடைசியாக மிஞ்சியதை உண்ட பெண்களுக்கல்லவா மிகுதியாக வந்திருக்க வேண்டும்? இந்தக் கடைசி வினாவுக்கு உணவுக் கொள்கையர் யாரும் நிறைவான மறுமொழி தந்ததாகத் தோன்றவில்லை.

அரிசி, கோதுமை, கொள்ளு

விடுதலைக்குப் பின் உணவுக் கொள்கை புதிய வடிவங்களை எடுத்தது. ரயில்வே மருத்துவர் எஸ். எல். மல்ஹோத்ரா இந்திய ரயில்வே ஊழியர்களிடையே இந்நோயை ஆராய்ந்து 1964-இல் எழுதினார். ஒரே நிறுவனத்தின் மருத்துவ வசதியைப் பெறுகிற, நாடெங்கும் பரவிய ஊழியர்களைக் கொண்டதால் இது வெறும் மருத்துவமனைக் கணக்கைவிட ஒருபடி மேலானது. அரிசியுண்ணும் பகுதிகளில் புண் மிகுதி, கோதுமையுண்ணும் பகுதிகளில் குறைவு என்று கண்டார். மென்று தின்ன வேண்டிய உணவு உமிழ்நீரைப் பெருக்கிப் பாதுகாக்கிறது. குழைந்த சோறும் மோரும் ரசமும் மெல்லாமலே இறங்கிவிடுகின்றன என்பது அவர் விளக்கம். சுத்திகரிக்காத கோதுமை உண்டவர்களுக்குப் புண் திரும்புவது குறைவு என்று 1978-இலும் எழுதினார். அந்த ஒப்பீடு சிறியது. அதையே பெரிய அளவில் செய்துபார்த்து உறுதிப்படுத்தியவர்கள் இல்லாததால் அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப முடியாது.

இந்த வரிசையில் நெடுநாள் உழைத்தவர் ஃபிராங்க் டோவி. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் அறுவை மருத்துவராக 1950-களிலும் 60-களிலும் பணிபுரிந்தவர். இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகும் கேள்வியை விடவில்லை. இந்தியா, வங்கதேசம் ஆகியவற்றில் இந்நோயின் பரவலை 1979-இல் வரைபடமாக்கினார். ஆப்பிரிக்கா, சீனா பக்கமும் ஆய்வை நீட்டினார். பிறகு ஜெயராஜ் முதலியோருடன் சேர்ந்து, நோய் குறைந்த பகுதிகளின் உணவுப் பொருள்களை விலங்குகளில் சோதித்தார். சில தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள கொழுப்புப் பொருள்கள் புண்ணைத் தடுப்பதாகக் கண்டார்கள். அவற்றில் ஒன்று நம் கொள்ளு. தென்மாவட்டங்களில் காணம் என்பார்கள். புதிய தவிட்டின் எண்ணெய் பாதுகாத்தது. நாட்பட்ட தவிட்டின் எண்ணெய்க்கு எதிர்விளைவு இருந்தது. இதன்படி பார்த்தால் நெல்லா கோதுமையா என்பதைவிட, தவிடு எவ்வளவு நீக்கப்பட்டது, அரிசி எத்தனை நாள் மூட்டையில் கிடந்தது என்பவையே முக்கியமாகின்றன. ஆலையில் தீட்டிய அரிசி கிராமங்களுக்குப் பரவிய காலமும் நெய்யூர்ப் பதிவேடு பெருத்த காலமும் அருகருகே வருவது கவனிக்கத்தக்கது. ஆயினும் காலம் ஒத்துப்போவது காரணத்துக்குச் சான்றாகாது. மனிதரிடம் இந்தக் கொழுப்புப் பொருள்களைப் பெரிய அளவில் சோதிக்காத வரை இது மதிக்கத்தக்க கருதுகோள் என்ற நிலையிலேயே நிற்கும்.

மனக்கவலையும் மிளகாயும்

மன அழுத்தம் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். 1940–41 வான்தாக்குதல்களின்போது லண்டனில் துளைபட்ட குடற்புண்கள் கூடின என்பது பதிவான செய்தி. ஆகவே கவலைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல இயலாது. ஆனால் தெற்கே வாழ்ந்த உழவர் பஞ்சாப் உழவரைவிடப் பல மடங்கு கவலைப்பட்டார் என்று காட்டினால்தான் நம் கேள்விக்கு இது உதவும். அப்படி யாரும் காட்டவில்லை.

காரம்தான் அல்சருக்குக் காரணம் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்றும் வலுவாக இருக்கிறது. சான்று அந்தப் பக்கம் இல்லை. 1990-களில் சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வு, புண் உள்ளவர்களைவிட இல்லாதவர்களே மிளகாய் கூடுதலாக உண்டதாகக் கண்டது. வலி வந்தவர் காரத்தைத் தாமே குறைத்திருக்கலாம் என்பதால் மிளகாயைக் காவலாகக் கொண்டாடவும் முடியாது.

கிருமி

இரைப்பையில் சுருள்வடிவக் கிருமிகள் இருப்பதை ஃபிரீட்பர்க் 1940-லேயே அறுவையில் எடுத்த இரைப்பைத் துண்டுகளில் கண்டார். 1954-இல் பால்மர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திசுக்களைச் சோதித்து ஒன்றும் இல்லை என்று அறிவித்ததும் அந்தக் கதவு முப்பதாண்டு மூடிக்கிடந்தது. கிரேக்கத்தில் லிகூதிஸ் என்ற மருத்துவர் 1958 முதல் நுண்ணுயிர்க்கொல்லிகளால் குடற்புண்ணுக்குச் சிகிச்சை தந்தார், அவரைக் கேட்பாரில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியலாளர் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் அக்கிருமியை வளர்த்துக் காட்டினர். மார்ஷல் அதைக் குடித்துத் தன் இரைப்பையில் அழற்சி உண்டாவதை நிறுவினார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற அந்தக் கிருமியை ஒழித்தால் புண் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்பது அடுத்த பத்தாண்டில் உறுதியாயிற்று. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அமிலக் கொள்கையை இது அழிக்கவில்லை. அதற்கு அடியில் ஒரு தளத்தைச் சேர்த்தது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கிருமி அழற்சியை உண்டாக்கினால் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடி அமிலம் பெருகுகிறது. முன்சிறுகுடலில் புண் வருகிறது. இரைப்பையின் மேற்பகுதி முழுவதும் அழற்சி பரவினால் அமிலம் குறைகிறது. அப்போது இரைப்பைப் புண், புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது. சில வலிநிவாரணி மாத்திரைகள் கிருமியின் துணையின்றியே புண் உண்டாக்கும் என்பதும் இன்று உறுதியானது. தனிமனிதர் ஒருவரின் குடற்புண்ணைக் குணப்படுத்த இவ்வளவு அறிவு பெரும்பாலும் போதும். வாழ்நாளெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டு வார மருந்தில் விடுதலை கிடைத்தது. இந்நோயின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை.

கிருமியால் விளங்காதவை

சிக்கல் பரவலில்தான். இந்தியாவில் வளர்ந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம், வடக்கிலும் தெற்கிலும், இக்கிருமி இருந்துவந்திருக்கிறது. தொற்றியவர்களில் சிறு பகுதியினருக்கே புண் வருகிறது. கிருமி ஆண்-பெண் வேறுபாடு பெரிதாகப் பார்ப்பதில்லை, புண் பார்த்தது. புகைபிடித்தல் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பது இந்த வேறுபாட்டில் ஒரு பகுதியை விளக்கலாம். முழுவதையும் விளக்குமா என்பது ஐயம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தப் புதிர் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அங்கே இந்திய வம்சாவளியினரிடம், அதாவது பெரும்பாலும் தமிழரிடம், கிருமித் தொற்று மிகுதி. ஆனால் புண்ணும் இரைப்பைப் புற்றும் சீனரைவிடக் குறைவு. நெய்யூரில் குடற்புண் மிகுந்த மக்களின் உறவினர் என்று சொல்லத்தக்க மக்கள், கடல் கடந்த ஊரில், அதே கிருமியோடு, குறைவாக நோயுறுகிறார்கள். மரபணுதான் எல்லாம் என்பவர்களுக்கும் கிருமிதான் எல்லாம் என்பவர்களுக்கும் இது இடறலான செய்தி.

கிருமிவகைகளின் வேறுபாடு, தொற்றிய வயது, உணவு ஆகிய மூன்றில் ஒன்றோ பலவோ அழற்சியின் இடத்தைத் தீர்மானிக்கலாம் என்று இன்று கருதப்படுகிறது. டோவி இன்னும் ஒருபடி மேலே சென்று, 1999-இல் மைக்கேல் ஹாப்ஸ்லியுடன் சேர்ந்து, கிருமி புண்ணைத் தொடங்கிவைப்பதில்லை, தொடங்கிய புண்ணை ஆறவிடாமல் நாட்பட்டதாக்குகிறது என்று வாதிட்டார். கிருமியற்ற புண்களும் பரவல் புதிரும் அவர் வாதத்துக்குத் துணை. கிருமியை ஒழித்தால் புண் திரும்புவது குறைகிறது என்ற உண்மையோ இரு தரப்புக்கும் பொருந்துகிறது. பெரும்பாலோர் அவர் வாதத்தை ஏற்கவில்லை. முழுதும் மறுக்கப்பட்டதாகவும் சொல்ல இயலாது.

திறந்தே இருப்பவை

கேள்வி தீராமல் இருக்க, நோய் விலகிக்கொண்டிருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்களிடையே 1988-இல் சுமார் 12 விழுக்காடாக இருந்த முன்சிறுகுடற் புண் 2008-இல் ஏறத்தாழ 3 விழுக்காடாகக் குறைந்திருந்தது. நாட்பட்ட அடைப்போடு வந்த நோயாளிகளை இன்றைய இளம் அறுவை மருத்துவர்கள் அரிதாகவே பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் சஸ்ஸரும் ஸ்டைனும் 1962-இல் சுட்டியதுபோல, குறிப்பிட்ட தலைமுறைகளோடு ஏறி அத்தலைமுறைகளோடு இறங்கும் நோயாக இது இங்கும் இருக்கக்கூடும். அப்படியானால் காரணத்தைக் குழந்தைப் பருவத்தில் தேட வேண்டும்.

இறக்கத்தின் காரணத்தைப் பிரித்தெடுப்பதும் எளிதன்று. குடிநீர் மேம்பட்டது, வீட்டில் பிள்ளைகள் குறைந்தனர், அமிலம் தணிக்கும் மாத்திரை மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைத்தது, தட்டில் பருப்பும் முட்டையும் எண்ணெயும் கூடின. இவையெல்லாம் அதே முப்பது நாற்பது ஆண்டுகளில் நடந்தன. ஒவ்வொரு கொள்கையினரும் இந்த இறக்கத்தைத் தமக்குச் சான்றாகக் காட்டலாம். அதனாலேயே அது யாருக்கும் உறுதியான சான்றன்று.

என் மதிப்பீட்டில் அமிலமும் கிருமியும் நோய் எப்படி உண்டாகிறது என்பதற்கு ஐயத்துக்கிடமற்ற விடைகள். எங்கே, யாருக்கு என்பதற்கு உணவுக் கொள்கையே இன்னும் அருகில் நிற்கிறது. ஆனால் மூன்றில் சான்று மிக மெலிந்ததும் அதுவே. ஆண்-பெண் வேறுபாட்டுக்கு எந்தக் கொள்கையிடமும் முழு விடை இல்லை. 1930-களில் நெய்யூரைச் சுற்றிக் குழந்தைகளாக இருந்தவர்கள் என்ன உண்டார்கள் என்று கேட்டறிய இப்போது அநேகமாக ஆளில்லை. தென்னிந்தியாவின் பழைய மருத்துவமனைகளில் அறுவைப் பதிவேடுகள் எஞ்சியிருக்குமானால், அவற்றில் ஊர், வயது, தொழில் குறிக்கப்பட்டிருக்குமானால், குடற்புண் நோயாளிகளை அதே பதிவேட்டின் குடலிறக்கம், சிறுநீர்ப்பைக் கல் போன்ற நோயாளிகளோடு ஊர்வாரியாக ஒப்பிடலாம். மருத்துவரின் புகழ் ஆட்களை இழுத்ததா, நோயே சில ஊர்களில் குவிந்திருந்ததா என்ற முதல் ஐயத்தையாவது அது தீர்க்கக்கூடும். மரச்சீனியா, தீட்டிய அரிசியா, தொற்றிய வயதா என்பதை அப்பதிவேடுகள் மட்டும் சொல்லிவிடா.